புகை வராத லாரி

“அண்ணே, இது இன்ஜெக்‌ஷன் வண்டி. அதையெல்லாம் கழட்டிட்டுக் கார்புரேட்டர் வச்சுத் தர முடியுமா?”

மெக்கானிக் காதைக் குடைந்துகொண்டார். கையில் ஃபைலோடு நின்ற பெண்ணை ஒருமுறையும், அவள் ஓட்டிவந்த சின்ன பெட்ரோல் லாரியை ஒருமுறையும் பார்த்தார்.

“ஏம்மா, எல்லாரும் கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு இதுக்குத்தானே மாறுறாங்க? கம்ப்யூட்டர் அளந்து அளந்து பெட்ரோல் ஊத்துற வண்டியை எதுக்குக் கெடுக்கணும்?”

“மேலிடத்துல சொல்லிட்டாங்க அண்ணே. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குப் புகைச் சோதனை. நேரா அங்கேயே கொண்டு வந்துடுங்க.”

விலாச அட்டையைக் கொடுத்துவிட்டு அவள் போனதும், உள்ளேயிருந்து மெக்கானிக்கின் மனைவி வந்தாள். பட்டறையின் சாவி, ஃபோன், மானம் மூன்றும் அவள் பொறுப்பு.

“புகைச் சோதனையா? நீங்க வேலை பாத்த வண்டிக்கா?”

“ஏன், நான் வேலை பாத்த வண்டிக்கு என்ன?”

“கடைசியா நீங்க சரி பண்ணின வேனைப் பாத்துட்டு, எதிர்வீட்டுக்காரங்க தீப்பிடிச்சிருச்சுன்னு வாளியும் தண்ணியுமா ஓடி வந்தாங்க.”

“அன்னிக்குப் பனிமூட்டம்டி.”

“வெயில் கொளுத்திச்சு.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, ஒத்துக்கறேன். என் கை பட்ட வண்டி தெருமுனை திரும்புறதுக்குள்ள அந்தத் தெருக் கொசு அத்தனையும் செத்துடும். நியாயமாப் பாத்தா நகராட்சிக்காரங்க எனக்கு மாலை போட்டிருக்கணும்.”

மனைவி சிரிக்கவில்லை. “இதோ பாருங்க, மூணு மாசத்துல வந்த முதல் வண்டி இது. இதுவும் சோதனையில தோத்துச்சுன்னா திங்கக்கிழமை ஷட்டரை இறக்கிடறோம். என் தம்பி அவன் மரக்கடை வாசல்ல காவலுக்கு ஆள் தேடறான்.”

“உன் தம்பிக்கு நான் சல்யூட் அடிக்கணுமா?”

“நாற்காலி போட்டுத் தருவான். உக்காந்துக்கிட்டே அடிக்கலாம்.”

அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் பெட்டியையும் இன்ஜெக்டர்களையும் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார். எஞ்சினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டில், அதே எஞ்சினுக்குப் பொருந்துகிற பழையது ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் தலையில் கார்புரேட்டரை உட்கார வைத்தார். பொறி கொடுக்கும் வேலையையும் இதுவரை கம்ப்யூட்டர்தான் பார்த்துவந்தது; அதற்கு ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வந்தது. சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பி, எட்டிப் பார்த்தார். கார்புரேட்டரின் வாய் வழியாகப் பெட்ரோல் பொங்கி அவர் சட்டையை நனைத்தது.

“குளிச்சாச்சா?” என்றாள் மனைவி.

“டேங்குக்குள்ள இருக்கற பம்ப் இன்ஜெக்‌ஷனுக்கு உள்ளது. தீயணைப்புக் குழாய் மாதிரி அடிக்குது. கார்புரேட்டர் பாவம், பால் குடிக்கற குழந்தை. மெதுவா ஊட்டுற பம்ப் போடணும். இது எனக்கு இருபது வருஷமாத் தெரியும்.”

“தெரிஞ்சுமா போடல?”

“தெரிஞ்சது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.”

பம்ப் மாறியது. எஞ்சின் இருமியது, தும்மியது, ஒருவழியாக ஓடியது. இனிமேல்தான் கண்டம். அவர் முன்னால் குனிந்து கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவார்; பின்னால் மனைவி புகைக்குழாயின் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிலவரம் சொல்வாள்.

“கரி!”

“இப்போ?”

“கரிதான்!”

“இப்போ?”

“சாம்பல். உங்க தலைமுடி கலர்!”

இப்படியே இரண்டு நாள். வியாழக்கிழமை மத்தியானம் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை.

“என்னடி ஆச்சு? மயக்கம் போட்டுட்டியா?”

“துணி வெள்ளையாவே இருக்குங்க.”

“திருப்பிப் பாரு.”

“திருப்பினாலும் வெள்ளைதான்!”

அவர் நம்பிக்கையில்லாமல், ஸ்க்ரூக்களைக் கழற்றிப் போட்டிருந்த தட்டைப் பார்த்தார். “ஒரு ஸ்க்ரூகூட மிச்சம் இல்லையே! எனக்கு அப்படி நடந்ததே கிடையாதே. எதையாவது தொலைச்சுட்டேனா?”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இருவரும் லாரியோடு சோதனைக் கூடத்தில் இருந்தார்கள். அங்கே கையில் நோட்டும் பேனாவுமாக இருபது பேர் வரிசையாக நின்றார்கள்.

“நம்ம மானம் போறதைப் பாக்க இத்தனை பேரா?” என்று அவர் முணுமுணுத்தார்.

புகைக்குழாய்க்குள் கம்பியைச் செருகிய ஊழியர், மீட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு உரக்கச் சொன்னார்: “வண்டி பாஸ்! எல்லாமே அளவுக்குக் கீழதான் இருக்கு.”

மனைவி அத்தனை பேர் முன்னாலும் அவர் முதுகில் ஓர் அறை விட்டாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் கொடுத்த மிகப் பெரிய பாராட்டு அது.

“உன் தம்பியை வேற ஆள் பாத்துக்கச் சொல்லு!” என்று அவர் மார்பை நிமிர்த்தினார்.

நோட்டு வைத்திருந்தவர்கள் மட்டும் எதையும் எழுதாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபைல்காரப் பெண் வேகமாக வந்தாள். அவள் முகம் தொங்கிப் போயிருந்தது.

“என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? இவங்கெல்லாம் சோதனை அதிகாரி வேலைக்குப் பயிற்சி எடுக்க வந்தவங்க. ஃபெயில் ஆகற வண்டியைக் காட்டிப் பாடம் நடத்தணும். இந்த லாரியில நாங்க என்ன செஞ்சாலும் கம்ப்யூட்டர் தானே சரி பண்ணிக்கிட்டுப் புகையே விட மாட்டேங்குதுன்னுதான் கார்புரேட்டருக்கு மாத்தச் சொன்னோம். ஊரெல்லாம் விசாரிச்சுத் தேடிப் பிடிச்சு உங்ககிட்ட கொடுத்தா... நீங்க எப்பவும் போல வேலை பாத்திருந்தாலே போதுமே அண்ணே!”