ஒரு சாய்தளம் வேண்டி

அவள் மேசைமேல் மூன்று படங்களை வரிசையாக வைத்தாள்.

முதலில், மோட்டார் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கும் கிடாய்கள். கோயில் திருவிழாவுக்குப் போகிறவை.

அடுத்தது பண்ணைக் கோழிகள். கூண்டுக் கம்பிக்கு வெளியே ஒடிந்து தொங்கும் சிறகுகள்.

கடைசியில் ஒரு பசு. லாரியிலிருந்து தள்ளி இறக்கியதில் முன்னங்கால் முறிந்து சந்தைத் திடலில் கிடந்தது. பின்னால் நின்ற லாரியின் நெற்றியில் 786.

சட்டமன்ற உறுப்பினர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஆறு வருடம். அரசு கால்நடை மருத்துவராக வேலையில் இருந்த வரைக்கும் மேலதிகாரிகளிடம் கேட்டாள். ஓய்வு பெற்ற பிறகு அரசியல்வாதிகளிடம். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மாட்டுச் சந்தையில் மாடுகள் இறங்க ஒரு சாய்தளம். ஒரு தண்ணீர்த் தொட்டி. அறுக்கும் இடம் யாருடையதானாலும், ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று ஒரு விதி.

அந்தக் கடைசி வரி சிக்கந்தர் ராவுத்தர் சொல்லி எழுதியது. சந்தைக்கு எதிரில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர்.

"எங்க மார்க்கத்துலயே அப்படித்தானுங்க டாக்டரம்மா. கத்தியக்கூட அது கண்ணுல காட்டக் கூடாது."

மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. இன்றும் கூடவே வந்திருந்தார். ஒருவர் போனால் போதும் என்று உதவியாளர் சொல்லிவிட்டதால் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றார்.

இதுவரை யாரும் படங்களைப் பார்த்ததில்லை. ஒருவர் கவரைப் பிரிக்காமலே சிரித்தார். இன்னொருவர் போனில் பேசிக்கொண்டே, வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

இவர் பார்த்தார்.

கிடாய்ப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இதையெல்லாம் எதுக்கும்மா சேத்துக்கிட்டு. சாமி காரியம்."

கோழிப் படத்தையும் கொடுத்தார்.

மூன்றாவதை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது போலத்தான் இருந்தது.

"இது எங்கிட்ட இருக்கட்டுங்க."

எதற்கு இந்த ஒன்று மட்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

கை நீட்டித் திரும்ப வாங்கியிருக்கலாம். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அந்த முறிந்த காலைப் பார்க்கிறார்.

"சாய்தளம்..." என்றாள்.

"பண்ணிடலாங்க."

வெளியே வந்ததும் சிக்கந்தர் அவள் முகத்தைப் பார்த்தார். தலையசைத்தாள். அவர் பேக்கரிக்குக் கூட்டிப்போய் டீ வாங்கித் தந்தார்.

நான்காம் நாள் நாளிதழில் அந்தப் படம் வந்தது.

லாரியின் நெற்றி பெரிதாகத் தெரியும்படி வெட்டியிருந்தார்கள். பசுவின் கால் படத்தில் இல்லை.

கால்நடை மருத்துவர் ஒருவரே கண்ணீரோடு வந்து முறையிட்டார் என்று சட்டமன்ற உறுப்பினர் ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார். சாய்தளம் பற்றி ஒரு வரியும் இல்லை. பக்ரீத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த வாரம் சந்தைக்கு வரும் சாலையில் சிலர் நின்றார்கள். லாரிகளை மறித்து டிரைவரின் பெயரைக் கேட்டார்கள். பெயரைக் கேட்டுவிட்டுச் சிலரை விட்டார்கள். ஒருவரை அடித்தார்கள்.

சிக்கந்தரின் கடை சாத்தியிருந்தது. அவள் அவர் வீட்டுக்குப் போனாள்.

அவர் எப்போதும் போல நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எதிரில் உட்காராமல் சுவரோரம் நின்றார்.

"அன்னிக்கு மூணு படத்தையும் காமிச்சீங்கல்லங்க?"

"காமிச்சேன்."

அது உண்மைதான்.

அவர் தலையாட்டிக்கொண்டார். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த சந்தை நாளில் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனாள். ஒரு லாரியும் வரவில்லை. இனிமேல் வராது என்றார் கயிறு விற்பவர். எங்கேயோ காட்டுக்குள் வைத்து இறக்குகிறார்களாம். அவசர அவசரமாகத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்களாம்.

"எந்தக் காடுங்க?"

அவருக்கும் தெரியவில்லை.

பையோடு ஓர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கீங்க போகோணும்?"

வடக்கே ஒரு சாலை. தெற்கே ஒரு சாலை.

ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.