கொலந்த கத

பேசுகிறபடியே தப்பும் தவறுமாக எழுதித் தேடினாலும் புத்தகம் கிடைக்க வேண்டும் என்று, அரியலூர் நூலகர் வான்மதி, உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் பொது நூலக மென்பொருளில் ஒரு திருத்தம் எழுதினாள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் சோதித்தார், பெரு நாட்டு லிமாவில் ஒருவர் அதை மென்பொருளில் சேர்த்துவிட்டார். அன்றைக்கே அது எல்லா நூலகங்களுக்கும் போய்விட்டது.

மறுநாள் காலை நிலாவில் உள்ள குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, நான் இருதயராஜ், இங்க சுரங்கத்துல வெல்டர். பாப்பாவுக்காக ‘கொலந்த கத’ன்னு ஆறு மாசமாத் தேடுறேன், ஒண்ணுமே வராது. இன்னைக்கு நானூறு புத்தகம் வந்து நிக்குது! மாத்தினது நீங்கதான்னு பேர் போட்டிருந்துச்சு.”

“நெசமாவா?”

“பாப்பாவே படிக்குது, கேளுங்க!”

வான்மதி ஒலியைக் கூட்டினாள். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள்.

“யா… யானை!” என்றது சின்னக் குரல்.

நூலகமே கைதட்டியது.