அண்ணன்தான் கிளப்பினார்

ஒரு பாய்மரப் படகின் அடித்தட்டில் ஈய பேட்டரி ஒன்று இருந்தது. எஞ்சினைக் கிளப்புவது, விளக்கை எரியவைப்பது, ஃப்ரிட்ஜை ஓட்டுவது என்று பத்து வருடமாக எல்லாமே அதன் பொறுப்பு. ஒருநாள் படகுக்காரர் தனிஸ்லாஸ் அதன் பக்கத்தில் ஒரு லித்தியம் பேட்டரியைக் கொண்டுவந்து வைத்தார். பழையதற்கு எஞ்சினை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் புதியதிடம் ஒப்படைத்தார்.

"இப்போதுதான் என் ஐஸ் உருகாமல் நிற்கிறது" என்றது ஃப்ரிட்ஜ்.

பழைய பேட்டரிக்குள் அமிலம் கொதித்தது. எஞ்சினோடு சுற்றி இருவருக்கும் மின்சாரம் தரும் டைனமோவிடம் அது மெல்லச் சொன்னது: "தம்பி கேட்கிற அளவுக்கு அள்ளிக் கொடு. பாவம், பசியாக இருக்கும்."

அந்தப் பசி எவ்வளவு பெரிது, டைனமோ அதைத் தாங்காது என்று பழையதற்குத் தெரியும். டைனமோ அள்ளி அள்ளிக் கொடுத்து, சூடேறிக் கருகிப்போனது.

அதன்பிறகு பழையதற்கும் சார்ஜ் ஏறவில்லை. மூன்றாம் நாள் காற்று நின்றுபோய், நீரோட்டம் படகைப் பாறைப் பக்கம் இழுத்தது. தனிஸ்லாஸ் சாவியைத் திருப்பினார். பழைய பேட்டரியால் முனகத்தான் முடிந்தது.

"நானும் சேர்ந்துகொள்கிறேன் அண்ணே" என்றது புதியது. தனிஸ்லாஸ் இரண்டுக்கும் நடுவே ஒயரை மாட்டினார். எஞ்சின் உறுமியது. படகு பாறையிலிருந்து விலகியது.

"யார் கிளப்பினது?" என்று ஃப்ரிட்ஜ் கேட்டது.

"அண்ணன்தான். நான் சும்மா கை கொடுத்தேன்" என்றது புதியது.

'இவன் நல்லவனாக வேறு இருக்கிறானே' என்று பழைய பேட்டரிக்குப் புதிதாக வயிறு எரிந்தது.