அவருக்குக் கொழுப்பு அதிகம்

"எழுந்திருங்க! படுத்தே கிடந்தா ரத்தத்துல இருக்கிற கொழுப்பு தானா கரையுமா?"

தையல்காரி போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே அவள் கணவர், லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சுருண்டு கிடந்தார்.

"நீயும் வந்தா வர்றேன். தனியா நடந்தா தலை சுத்துது."

"ஆமா, பச்சப் புள்ள! வாங்க."

சில மாதங்களாக இதே கூத்துதான்.

போன வருடம் அவளுக்கே இடது கால் பூசணிக்காயாக வீங்கி, நரம்பில் ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தாள். "மிஷின் முன்னாடியே உக்காந்திருக்காதீங்க, நடங்க. உங்களுக்கு ரத்தத்துல கொழுப்பு வேற ஜாஸ்தி. அதுவும் சேர்ந்தா மறுபடி கட்டுறதுக்கு வாய்ப்பு கூடலாம்" என்றார் டாக்டரம்மா. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்திருக்கும்போது நடையாவது, கிடையாவது!

ஆனால் தனக்கும் கொழுப்பு என்று கணவர் வந்து சொன்ன அன்று, அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. எண்ணெய் டப்பா பரணேறியது. இரண்டு பேருக்கு இரண்டு சமையலா? அவர் சாப்பிட்டதையே அவளும் சாப்பிட்டாள். மணிக்கொரு தரம் அவர் வெந்நீர் கேட்டார். மணிக்கொரு தரம் மிஷினை விட்டு எழுந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள், பூங்காவைச் சுற்றும்போது.

"பழைய சட்டையெல்லாம் பிரிச்சு தலகாணி உறை தைப்ப."

"வாயில நல்லதே வராதா?" வேகத்தைக் கூட்டினாள். அவர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

முந்தின வாரம் கால் பரிசோதனைக்காக அவளும் ரத்தம் கொடுத்தாள். அடுத்து உள்ளே போன அவர், போர்க்களத்திலிருந்து திரும்புகிறவர்போல் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். "வலிக்குதாங்க?" என்று கேட்டு அவளுக்குத்தான் கண் கலங்கியது.

இன்று முடிவு. டாக்டரம்மா கணினித் திரையைப் பார்க்க, அவள் கணவரின் சட்டை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பிரமாதம்! கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு."

"அப்பாடா!" தையல்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நான் மட்டும் விரட்டலேன்னா இந்த மனுஷன் தேறியிருப்பாரா, டாக்டர்? சரியான சோம்பேறி!"

"இவரா?" டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மனைவியின் பின்னாலிருந்து கணவர் காட்டிய சைகைகளை அவர் கவனிக்கவில்லை.

"இது உங்க ரத்தம்மா. இவருக்கு நான் டெஸ்ட்டே எடுத்ததில்லையே! அன்னைக்கு உள்ள வந்து, 'அவ நடக்கிறா டாக்டர், எண்ணெயக்கூட விட்டுட்டா'ன்னு சொல்லி அழுதவரு, போறப்போ ஒரு துண்டு பஞ்சு மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போனாரு."