‘விருந்தாளிகள்’ என்று தேடினால்

பிளவ்திவ் நகரில், எங்கள் புகைப்படத் தளத்தின் தேடலைச் சீர்செய்துகொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த கலினா திரையைக் காட்டினாள்.

“சார், ‘விருந்தாளிகள்’னு தேடினா காலி நாற்காலியா வருது. எவனோ டேக்கைத் தப்பாப் போட்டுத் தொலைச்சிருக்கான். தூக்கிடட்டுமா?”

“அவசரப்படாதே. அதே படத்துல வேற என்ன டேக் இருக்குன்னு பாரு. அதை வெச்சுத்தான் அர்த்தம் புரியும்.”

“‘டிரிஃபோன் திருநாள்’, ‘ஒயின்’, ‘திறந்த கதவு’. வருஷா வருஷம் இதேதான் சார்.”

“நம்ம பேரைக் கொண்ட புனிதரோட நாள்தானே பெயர்த் திருநாள், அதுக்கு நாம யாரையும் கூப்பிடுறதில்லையே. கதவைத் திறந்து வெச்சா, அவங்களா வரணும். டேக் சரிதான். வர வேண்டியவங்கதான் வரலை.”

கலினா சிரித்தாள். “அதுக்காக யாருமே வராத வீட்டைப் படம் எடுத்துப் போடுவானா? சரியான கிறுக்கன்.”

“தேடிப் பார்த்தாவது யாராவது வரட்டும்னு போட்டிருப்பான்.”

மாலையில் கிளம்பும்போது, என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அவள் முதல்முறையாகப் படித்தாள். அதில் ‘டிரிஃபோன்’ என்றிருந்தது.

“இன்னைக்குத்தானே சார் அந்தத் திருநாள்?” என்றாள் மெதுவாக.

“ஆமா” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அழைத்ததாகிவிடும்.