கை நனைத்த மாப்பிள்ளை

வெண்ணந்தூருக்குப் பெண் பார்க்க வந்த சாலம்மாளுக்கு அந்தச் சம்பந்தத்தில் துளியும் மனமில்லை. மகன் குழந்தைவேலுக்குத் தன் அண்ணன் மகளைக் கட்டிவைக்கத்தான் ஆசை.

“பேசி முடிக்கிற வரைக்கும் பொண்ணு ஊட்டுல கை நனைக்கக் கூடாது சாமி. தின்னுட்டா சம்மதம்னு ஆயிரும்” என்று வழியெல்லாம் மகனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெண் பாவாயி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வறுத்த நிலக்கடலையை இடித்து, வெண்ணெய் விட்டுப் பிசைந்து, நடுவில் மாம்பழத்தை வைத்து மூடி, சட்டிக்கு மேலும் கீழும் தணல் போட்டுச் சுட்டிருந்தாள். வாசம் வீதி வரைக்கும் போனது.

“இதென்ன பண்டம் அம்மிணி?”

“வெள்ளைக்காரங்க திங்கறதுங்க அத்தை.”

“எங்களுக்கு வேண்டாம். ஊருக்குப் போய் யோசிச்சு...”

அதற்குள் குழந்தைவேல் பாதியைத் தின்றுவிட்டான்.

“மாப்பிள்ளை கை நனைச்சுட்டாருங்க” என்று பெண்ணின் மாமன் வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டினார். அத்தனை பேர் நடுவில் சாலம்மாள் என்ன செய்வாள், நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா. “தின்னிப் பயலே” என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

தாலி ஏறியதும் பாவாயி மெல்லக் கேட்டாள்.

“ஏனுங்க, துரை பங்களாவுல வாரா வாரம் இதைச் சுடறதே நீங்கதான். அங்க மாம்பழக் கூடை கொண்டு வந்த எனக்குப் பக்குவம் சொன்னதும் நீங்கதான். காணாததைக் கண்ட மாதிரி அப்படியா முழுங்கறது?”

“உப்பு கூடிப் போச்சு புள்ளே. மெதுவா மென்னிருந்தா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்திருக்கும்.”