கலிங்கின் அகலம்

மண், நீர்ப் பாதுகாப்பு வேலைகளுக்குப் புதிய தொழில்நுட்ப விதிகளை எழுத அதிகாரிகளும் விவசாயிகளும் மூன்று நாளாகக் கூடியிருந்தார்கள். குட்டை நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் கலிங்கின் அகலம் ஆறு அடி என்ற பழைய விதியை வாசித்ததும் பொறியாளர் ஞானசிகாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இதில் மாற்றம் இல்லையே?" என்றார் தலைவர். யாரும் பேசாததால் அடுத்த விதிக்குப் போனார். ஞானசிகாமணி தண்ணீர் குடித்தார். எழுந்து ஜன்னல் வரை நடந்தார். திரும்பி வந்தும் உட்காரவில்லை.

"சார், அந்த ஆறு அடியை எழுதியது நான்தான். அன்று மாலைக்குள் கோப்பு போகவேண்டியிருந்தது. கணக்குப் போடாமல் குத்துமதிப்பாக எழுதிவிட்டேன்."

"சரி, சரியான அளவைச் சொல்லுங்கள்."

"மழைக் கணக்கைப் பார்க்காமல் சொல்ல முடியாது, சார்."

விவசாயிகள் பக்கம் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க குட்டை ரெண்டு தடவை உடைஞ்சுச்சு, ஐயா. இதே ஆறு அடிக் கலிங்குதான்; அது கொள்ளாம தண்ணி கரைமேல ஏறிருச்சு. பதினோரு வெள்ளாடு போச்சு. வந்து பார்த்த ஆபீசருங்க, நான் கரையை ஒழுங்காப் பார்க்கலைன்னு எழுதிட்டுப் போனாங்க. நானும் இத்தனை வருஷமா என் தப்புன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன்."

ஞானசிகாமணி அவருக்கு எதிரே போய் நின்றார். தலைவர் பேனாவை எடுத்து விதித் தாளில் இருந்த அந்த ஆறை அடித்தார். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

பேச்சியம்மாள் அந்தத் தாளைப் பார்த்தார்.

"மத்த ஊர்லயெல்லாம் இந்த அளவுல எத்தனை குட்டை வெட்டியிருக்கீக?"